சேப்பு

சதாசிவம் வாய் திறந்து பேசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவர் கட்சி வாதத்தில் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. அவர் கட்சிக்கு வக்கீல் செல்வராணி, கட்டிய மனைவி.

தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்று டாக்டர் சொன்னபோது செல்வராணி யோசிக்கவே இல்லை. "எடுத்துடுங்க டாக்டர். வீட்டுல பேசறதுக்கு நான் ஒருத்தி போதும்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறாள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை வைத்து "ராணி" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். மாவரைக்கும் மிஷின் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவி அலமாரிக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் கை ஜாடைதான். அந்த ஜாடையைச் செல்வராணி தமிழாக்குவாள். அதுவும் சும்மா இல்லை, அவர் பேசுவது போலவே குரலைத் தாழ்த்தி, நெஞ்சிலிருந்து கனமாக எடுத்துப் பேசுவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சதாசிவமும் சிரிப்பார்.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவர் குரல் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. ராத்திரி படுத்தபடி நினைவுபடுத்திப் பார்ப்பாள். சொற்கள் வரும், சண்டை வரும், கல்யாணத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் அவர் என்ன சொன்னார் என்பதுகூட வரும். குரல் மட்டும் வராது. வந்தாலும் அவளே பேசும் அந்தக் கனத்த குரல்தான் வரும். கல்யாண கேசட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். வீடியோக்காரன் புண்ணியவான், முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருந்தான். மாப்பிள்ளை வாயசைக்கிறார், உள்ளே யாரோ டூயட் பாடுகிறார்கள். அந்தக் காலத்துக் கைப்பேசிகள் எப்போதோ செத்துப்போயின. புருஷன் எதிரிலேயே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்க, அவர் குரலுக்காக அழுவது எப்படி? யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில் அவர்கள் வீட்டுக்கு மாலை ஐந்து மணிக்கு ஜெரால்டின் வந்துவிடுவாள். இரண்டு வரிசை தள்ளி வீடு. கையில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொட்டலம், தோளில் துண்டு, முகத்தில் ஏற்கெனவே சண்டைக்குத் தயார் என்ற களை. அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்த நேரத்தில் சீரியல் ஓடும், பந்து என்றால் கால்பந்து ஓடும். இவர்கள் வீட்டில் ஓடுவது ஜப்பான் பேஸ்பால். மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டிய ஆட்டம். அந்த இடத்துக்குப் பெயரே 'வீடு'. பந்து வந்து சேருவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை ஜெரால்டின் கத்தியே புரியவைத்துவிடுவாள்.

மூன்று பேரும் ஒரு காலத்தில் ஜப்பான்காரர் நடத்திய ஒரு பெக்டரியில் வேலை செய்தவர்கள். செல்வராணி சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும், ஜெரால்டின் மெர்சிங்கிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்கினார்கள். சதாசிவம் ஸ்டோரில் இருந்தார். மேனேஜர் மொரித்தா சான் பெண்களுக்கு சாஃப்ட்பால் கற்றுக்கொடுத்தார். பேஸ்பாலுக்குத் தங்கச்சி மாதிரி, பந்துதான் கொஞ்சம் பெரிது. பெக்டரியை மூடி வெகு காலமாகிவிட்டது. மொரித்தா சானின் சொந்த ஊர் அணிமேல் வைத்த பாசம் மட்டும் இவர்களை விட்டுப் போகவில்லை. அணியின் பெயர் வேண்டாம். தோற்றுக்கொண்டே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் காட்டுவது அழகல்ல.

அன்றும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கோச்ச தூக்கி வெளிய போடணும் லா" என்றாள் ஜெரால்டின். "அந்தக் கெழவன் அடிக்கவே மாட்டேங்கறான், தெனம் அவனையே நாலாவதா எறக்குறாரு. கேட்டா, வெளக்கு வெளிச்சம் கண்ணுல படுதுன்னு பேட்டி குடுக்கறானாம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் செல்வராணி.

சதாசிவம் கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, மெதுவாக விரித்தார். செல்வராணி உடனே குரலைத் தாழ்த்தினாள். "பொறுமையா இரு ஜெரால்டின். அவன் இந்த மாசம் அடிப்பான். போன வருஷமும் இப்படித்தான் இருந்தான்."

"போன வருஷமும் கடைசியில கடைசியாத்தான் வந்தோம் அண்ணே!"

அந்த நேரத்தில் திரையில் ஒருவன் வீட்டை நோக்கிச் சறுக்கி விழுந்தான். அம்பயர் அவுட் என்று முஷ்டியை மடக்கினார். இவர்கள் அணியின் கோச் வெளியே வந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு கட்டம் வரைந்தார். டிவி பெட்டி மாதிரி ஒரு கட்டம். படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று அர்த்தம்.

இந்தக் கட்டம் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பயன்படும். குழம்பில் உப்பில்லை என்றால் சதாசிவம் தட்டுக்குமேல் கட்டம் வரைவார். செல்வராணி தப்பாக மொழிபெயர்த்தால் அவள் முகத்துக்கு நேரே வரைவார். மகள் லோஷினி சிங்கப்பூர் வேலையை விடப்போகிறேன் என்று போன மாதம் சொன்னபோது பெரிதாக, ஒரு கதவளவுக்கு வரைந்தார்.

"இனிமே இன்னும் நெறைய விஷயத்துக்கு வீடியோ பாக்கலாம்னு கொண்டுவரப் போறாங்களாம். பேச்சு அடிபடுது" என்றாள் ஜெரால்டின். "நல்லதுதான். மனுஷன் கண்ணுதானே, தப்பும்."

சதாசிவம் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் பெக்டரியில் அம்பயராக இருந்தவர். செல்வராணி கனத்த குரலில் ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் பொட்டி சொல்லும்னா அம்பயர் எதுக்கு? சம்பளத்துக்கு நிக்கற தூணா? சொன்னா சொன்னதுதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே வாய் கசந்தது. வக்கீல் தொழிலில் இதுதான் கஷ்டம். அவளுக்கு என்று ஒரு வழக்கு முப்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்க, அவள் எதிர்க்கட்சிக்கு வாதாட வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். பெக்டரியில் வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டு விழா. ஜப்பான் வழக்கப்படி மொத்த ஆட்களையும் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுவார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், மொரித்தா சானுக்கு அன்று அப்படி ஒரு கொண்டாட்டம். செல்வராணி வெள்ளை. ஜெரால்டின் சிவப்பு, வீட்டருகே நின்று பந்தைப் பிடிப்பவள். அந்த வருஷம் கடைசி ஆட்டம் சமமாக நின்றது. சமமாக முடிந்தால் போன வருஷம் வென்ற சிவப்பிடமே கோப்பை தங்கும். செல்வராணி வீடு வந்து சேர்ந்துவிட்டால் வெள்ளைக்கு. அவள் ஓடிவந்தாள், சறுக்கினாள், பந்தும் வந்தது. ஜெரால்டின் பின்னால் சாய்ந்து, அம்பயராக நின்ற சதாசிவத்தின்மேல் விழ, அம்பயர் சேற்றில் மல்லாந்தார். முகமூடி கண்ணை மறைத்துவிட்டது, கை இரண்டும் ஜெரால்டினுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ஜாடை காட்ட வழியில்லை. படுத்தவாக்கிலேயே ஒரே ஒரு சொல்லைக் கத்தினார்.

"சேப்பு!"

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அன்று மீசை முழுக்க மண். தீர்ப்பு மட்டும் தெளிவாக வந்தது. தெளிவாக வந்ததுதான் தொல்லை.

மொரித்தா சான் ஜப்பான் வாயால்தான் ஆட்டம் கற்றுக்கொடுத்தார். அவுட்டுக்கு 'அவ்த்தோ' என்பார். அதை 'அவுத்து' என்று கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்குக் காரணம் கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீடு வந்து சேர்ந்தவளை 'சேஃபு' என்பார், அதாவது தப்பித்தாள். அந்த 'சேஃபு' தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் 'சேப்பு' ஆனது. அதே பிள்ளைகளுக்குச் சிவப்பு நிறமும் சேப்புதான். ஆகவே வெள்ளைக் கட்சிக்காரர்கள் எல்லோரும், அம்பயர் ஜப்பான் பாஷையில் சொல்கிறார், செல்வராணி தப்பித்துவிட்டாள் என்று குதித்தார்கள். சிவப்புக் கட்சிக்காரர்கள் எல்லோரும், அம்பயர் தமிழில் சொல்கிறார், கோப்பை சிவப்புக்கே என்று குதித்தார்கள். அம்பயர் எழுந்து வாயைத் துடைப்பதற்குள் மொரித்தா சான் ஓடிவந்தார். ஜப்பான்காரர் அதை ஜப்பான் பாஷையாகக் கேட்டிருந்தால் கதை வேறு. ஆனால் அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. தன் தமிழை எல்லோரும் பார்க்கட்டும் என்று, "சேப்பு! சேப்பு!" என்று சிரித்தபடி சிவப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டிக் கோப்பையை ஜெரால்டின் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோப்பை இன்றும் ஜெரால்டின் வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் ரோஜாக்களைத் தாங்கி நிற்கிறது.

சதாசிவம் எதைச் சொன்னார்? அடுத்த வருஷமே செல்வராணியைக் கட்டிக்கொண்டார், அப்போதும் சொல்லவில்லை. "அம்பயர் ஒரு தடவதான் சொல்லுவான்" என்பார். ரொம்ப நெருக்கினால், "சேஃபுன்னு சொன்னா பொண்டாட்டிக்காகப் பேசறான்னு ஊர் சொல்லும். செவப்புன்னு சொன்னா எனக்குச் சோறு யார் போடுவா?" என்று நழுவுவார். குரல் போன பிறகு ஜெரால்டின் ஒருமுறை, "இப்பவாச்சும் கையில காட்டுங்க அண்ணே" என்றாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் ரூபேந்திரனிடமிருந்து செய்தி வந்தது. ரூபேந்திரன் அந்தப் பெக்டரியில் படம் எடுத்தவர். விழா என்றால் மொரித்தா சானின் வீடியோ கேமரா அவர் தோளில்தான் இருக்கும். வீடு மாறும்போது பழைய டேப் ஒன்று கிடைத்ததாம், கடையில் கொடுத்துக் கைப்பேசியில் ஓடும்படி மாற்றி வாங்கினாராம். பழைய ஆட்களின் வாட்சாப் குழுவில் எழுதியிருந்தார்: 'அந்தக் கடைசி ஆட்டம் இருக்கு. ஞாயித்துக்கெழம அனுப்புறேன்.'

ஜெரால்டின் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "ரீப்ளே வேணாம்னு யாரோ சொன்னாங்களே! இப்ப என்ன சொல்றாரு ஒங்க வூட்டுக்காரரு?"

செல்வராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கழுத்தில் ஆபரேஷன் துளையை மூடியிருந்த துணியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். தீர்ப்பு வெளிவந்துவிடும் என்று பயப்படுகிறார், நன்றாகப் பயப்படட்டும் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெரால்டின் நேராக வந்தாள். கறிபாப்போடு கோப்பையையும் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். ரோஜாக்களை வீட்டிலேயே விட்டிருந்தாள். "ஜெயிச்சா திரும்ப எடுத்துட்டுப் போவேன். தோத்தா இங்கயே வச்சிட்டுப் போறேன். மாதா சாட்சி" என்றாள். சதாசிவம் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்து உட்கார்ந்தார். லீவில் வீட்டில் இருந்த லோஷினி தன் கைப்பேசியை டிவியோடு இணைத்துக்கொடுத்தாள்.

படம் ஆடிக்கொண்டே வந்தது. திடல், கூடாரம், குடைகள். எல்லோரும் ஒல்லி. செல்வராணிக்குத் தன் பின்னலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "அலமாக், எவ்வளவு முடிடீ ஒனக்கு" என்றாள் ஜெரால்டின். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வழக்கை மறந்து, யார் யார் என்று ஆள் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது இல்லை. ஜெரால்டின் ஒவ்வொருவருக்கும் சிலுவை போட்டாள், அந்த ஆள் முருக பக்தராக இருந்தாலும் போட்டாள்.

பிறகு கடைசி ஓட்டம். பந்து பறந்தது, செல்வராணி ஓடினாள். இருபத்தைந்து வயதுச் செல்வராணி, தலை கலைய, வாய் பிளக்க, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஜெரால்டின் கையை நீட்டினாள்.

அந்த இடத்தில்தான் ரூபேந்திரன் ஒரு காரியம் செய்தார். அவரும் வெள்ளைக் கட்சி. ஆர்வம் தாங்காமல், கேமராவோடு குதித்துவிட்டார். திரையில் வானம் தெரிந்தது. ஒரு குடையின் கம்பி தெரிந்தது. மறுபடியும் வானம். படம் என்று ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

"சேப்பு!"

"பாத்தியா! செவப்புன்னு சொல்றாரு!" என்று துள்ளினாள் ஜெரால்டின்.

"எங்க சொல்றாரு? சேஃபுன்னு சொல்றாரு! காத கழுவு!"

"ஒனக்குத்தான் காது..."

சண்டை முப்பது வருஷம் ஓடிய தடத்திலேயே மறுபடி ஓடியது. அதில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் செல்வராணிக்கு ஏதோ உறைத்தது. திரும்பினாள்.

சதாசிவம் திரையைப் பார்த்தபடி இரண்டு விரல்களையும் தூக்கியிருந்தார். காற்றில் கட்டம் வரைந்தார். சின்னக் கட்டம். மூலைகள் ஒன்று சேரவில்லை.

லோஷினி திரும்பப் போட்டாள். வானம், குடைக்கம்பி, "சேப்பு!"

மெல்லிய குரல். இளசு. உச்சத்தில் பிசிறி உடைகிற குரல், இன்னும் முழுசாகப் பெரிய ஆளாகாத ஒருவனுடைய குரல். அதில் கனமும் இல்லை, நெஞ்சும் இல்லை. செல்வராணி இத்தனை வருஷமாக அவருக்காகப் பேசிவந்த குரலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கேட்டதும் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் அவளை முதல்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான். லோஷினி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உடைந்ததும் இதுதான்.

"நான் தப்பு தப்பா பேசிட்டு இருந்திருக்கேன்" என்றாள். "இவ்வளவு நாளும் யாரோ ஒருத்தர் குரல்ல பேசிட்டு இருந்திருக்கேன். ஏங்க, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் வாய் மெதுவாகத் திறந்து, சத்தமில்லாமல் 'சேப்பு' என்று அசைந்து மூடியது. மறுபடியும் கட்டம் வரைந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் பயந்தது தீர்ப்புக்கு இல்லை. மனிதர் தன் குரலைத் தானே மறந்துபோயிருந்தார். அவளுக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு ஜாடை கிடைக்கவில்லை. செல்வராணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறைக்கவில்லை.

லோஷினி போட்டாள். மறுபடி போட்டாள். ஜெரால்டின் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு பிள்ள, அண்ணனுக்கு" என்றாள். வழக்கு ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோனது.

ஆனால் ஜெரால்டின் ஜெரால்டின்தான். எல்லோரும் கோப்பி குடித்து முடித்ததும் கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, இனிமே ஊர் என்ன சொல்லப் போவுது? சோறும் நிக்கப் போறதில்ல. ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க. என்ன சேப்பு அது?"

சதாசிவம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். டிவிக்கு முன்னால் போய்க் கால்களை அகட்டி, லேசாகக் குனிந்தார். பிறகு இரண்டு கைகளையும், அன்று ஜெரால்டினுக்கு அடியில் மாட்டிக்கொண்ட அந்த இரண்டு கைகளையும், தரைக்குச் சமமாக அகல விரித்தார். ஆட்டம் தெரிந்த எவருக்கும் அது தெரியும். தப்பித்தாள், வீடு வந்து சேர்ந்துவிட்டாள்.

"அலமாக்!" என்று அலறினாள் ஜெரால்டின். "பொண்டாட்டி அழுதான்னு மாத்திட்டாரு! செல்லாது, செல்லாது!" கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரல்களாலும் அவர் முகத்துக்கு நேரே பெரிய கட்டமாக வரைந்தாள். "போடு லோஷினி, திரும்பப் போடு!"

லோஷினி போட்டாள். ஜெரால்டின் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், செவப்பா சேஃபா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கினாள். சதாசிவம் விரித்த கையை மடக்கவில்லை.

செல்வராணி திரையையும் பார்க்கவில்லை, அவர் கையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேசிக்கொண்டிருந்தார்.